இன்பமணியம்மாள் பெட்டியின் கனம்

1946 ஆகஸ்டில் சபை ஊழியக்காரி இன்பமணியம்மாள் எலும்பும் தோலுமாக இறந்துபோனாள். அவளை வைத்த பெட்டியைத் துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் பதினாறு பேர் சேர்ந்தும் தூக்க முடியவில்லை. யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. இரண்டு வருடம் முன்பே உப்புக் கிட்டங்கித் தராசில் அவள் ஏழு மூட்டை நிறை இருந்தாள். குதிரைவண்டிக்காரர் காசிலிங்கம், வண்டி சாயாமலிருக்க அவளை நடுவில்தான் உட்காரச் சொல்வார்.

சாத்தான்குளத்தில் ஒரே வாரத்தில் காலரா அவள் புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் கொண்டுபோனது. அடுத்த ஞாயிறு ஆராதனையில் வழக்கமான இடத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு பைபிளும் குடையுமாகத் தூத்துக்குடிக்கு வந்து வீடு வீடாக ஏறி இறங்கினாள். கஷ்டத்தைச் சொன்னவர்களுக்கு அவள் வசனம் சொன்னதில்லை, புத்தியும் சொன்னதில்லை. கடைசிவரை கேட்டுவிட்டு, "சரி, இங்கன வச்சிட்டுப் போ" என்பாள். சொன்னவர்கள் லேசாகித் திரும்புவார்கள். அவள் கொஞ்சம் கனப்பாள். யுத்த காலத்தில் ரங்கூனிலிருந்து கடிதம் வராதவர்கள், தோணி திரும்பாதவர்கள் எல்லோரும் அவளிடம் வைத்துவிட்டுப் போனார்கள். ஊருக்கு அது ரொம்ப வசதியாக இருந்தது.

கிருபையும் வைத்தவள்தான். காய்ச்சலில் கிடந்த மகளுக்கு இரண்டு நாள் விசிறியவள், மூன்றாம் நாள் விசிறி கையிலிருக்கவே கண்ணயர்ந்தாள். விழித்தபோது பிள்ளை செத்துக் கிடந்தது. அன்றோடு உறக்கம் போயிற்று. இன்பமணியம்மாளிடம் சொன்ன பிறகு மூன்று வருடம் நன்றாக உறங்கினாள்.

அடக்கத்துக்கு முன் வழக்கப்படி அவளைப் பற்றிச் சாட்சி சொல்ல உபதேசியார் தேவபிரசாதம் அழைத்தார். எழுந்தவர்கள் எல்லோரும் அவளைப் புகழ்ந்தார்கள்; பெட்டி அசையவில்லை. வெயில் ஏறியது. தோணிக்காரர் ஜேசுபாதம் அலுத்துப்போய், புகழ்வதை விட்டுவிட்டு, கடலில் பறிகொடுத்த தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். பெட்டியின் ஒரு மூலை விரற்கடை எழும்பியது. எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. ஒவ்வொருவராக எழுந்து, தங்களுடையதைச் சொல்லி எடுத்துக்கொண்டு, தோள் தாழ உட்கார்ந்தார்கள். மத்தியானத்துக்குள் நான்கு பேர் பெட்டியைத் தூக்கிவிட்டார்கள். ஆனால் வாசற்படியில் வந்து நின்றுவிட்டது.

கிருபை மட்டும் இன்னும் தன்னுடையதை எடுத்துக்கொள்ளாமல் சுவரோடு ஒட்டி நின்றாள். உறக்கத்தை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை, அதில் தப்பும் இல்லை. மரியாதைக்காக ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை. தூக்கியவர்கள் பெட்டியை இறக்கிவைக்கக் குனிந்தபோது அவள் போய்ப் பெட்டிமேல் கையை வைத்தாள். விசிறியைப் பற்றி எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

"எனக்குள்ளத நான் தூக்கிக்கிடுதேம்மா. நீங்க போயி உறங்குங்க."

பெட்டி வாசலைத் தாண்டியது. இன்பமணியம்மாளின் சொந்த மூன்று பேரின் கனம் மட்டும் அதில் மிச்சமிருந்தது. அதை அவள் யாரிடமும் வைத்ததில்லை. நான்கு பேருக்கு அது தூக்கக்கூடிய கனம்தான்.

கிருபை அதன்பிறகு உறங்கவில்லை. காசிலிங்கமும் இப்போது யாரையும் நடுவில் உட்காரச் சொல்வதில்லை. எல்லோரும் கனமாகிவிட்டதால் வண்டி எந்தப் பக்கமும் சாய்வதில்லை. குதிரைதான் கொஞ்சம் மெதுவாகப் போகிறது.