சுருவத்தைப் பார்த்து உடுத்தவன்

பேர்பெச்சுவா முழங்கால் வரைக்கும் ஒரு நீளச் சட்டை தைத்துத் தந்துவிட்டு, புத்தியும் சொன்னாள். "உள்ளுக்கு ஜட்டியைப் போட்டுக்கொண்டு போங்கோ."

பெண்சாதி சொல்லி நான் எதைக் கேட்டேன்?

நாங்கள் இருக்கிற பீலெஃபெல்ட் நகரத்துக்குப் பக்கத்துக் கோட்டை ஒன்றில் கோடை முழுக்க இடைக்காலச் சந்தை; ராசா காலத்து உடுப்போடு அந்தக் காலத்துத் தொழில்களைச் செய்து காட்டுவார்கள். அங்கே பழையகாலத்துப் பாரந்தூக்கி ஒன்று செய்து வைத்திருக்கிறார்கள். பெரிய மரச்சக்கரத்துக்குள் ஆள் நடந்தால் கல் மேலே ஏறும். தொழிற்சாலை மூடி வீட்டில் கிடந்த என்னை ஒருநாள் நடந்து காட்டச் சொன்னார்கள். சரிவந்தால் கோடை முழுக்க வேலை. அறுபது வயதுக்காரனை வேறு ஆர் கூப்பிடப் போகிறார்கள்? சந்தையை நடத்துகிற பிராண்ட் அம்மா சொன்னது ஒன்றுதான்: அந்தக் காலத்தில் இல்லாதது எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது.

போனைப் பையில் வைத்தேன். கைமணிக்கூட்டைக் கழற்றினேன். கொஞ்சம் யோசித்து ஜட்டியையும் கழற்றினேன்.

"அந்தக் காலத்திலை ஒருத்தரும் போடேல்லையெண்டு உங்களுக்கு ஆரண்ணை சொன்னது?" என்றான், அங்கே விறகு கொத்துகிற எங்கள் ஊர்ப் பொடியன் ஜோன்சன்.

"மன்னார்க் கோயிலிலை அந்தோனியார் சுருவத்துக்கு உடுப்பு மாத்தேக்கை நான்தான் பிடிச்சனான். அங்கிக்குக் கீழை வெறும் தடி. அவரும் அந்தக் காலத்து ஆள்தானே?"

"அது மரச்சிலையண்ணை."

"நீ விறகைக் கொத்து."

எனக்குப் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு நின்றது. எல்லாம் தெரியும் என்ற நினைப்பு மட்டும் நிற்கவில்லை.

தொழிற்சாலையில் மூட்டை சுமந்த கால்கள், சக்கரத்துக்குள் நன்றாகவே நடந்தன. கல் ஆள் உயரத்துக்கு மேலே போன நேரம் காற்று அடித்தது. சட்டை கிளம்பியது. முன்னால் குடும்பம் குடும்பமாகச் சனம். ஒரு கையால் சட்டையை அமத்தினேன். சக்கரம் பின்னுக்கு இழுத்தது. கல்லுக்குக் கிட்ட கயிறு பிடித்தபடி இரண்டு பேர். மானமா, அவர்கள் தலையா? இரண்டு கையாலும் சக்கரத்தின் கட்டையைப் பிடித்தேன். காற்று தன்பாட்டில் தன் வேலையைப் பார்த்தது.

கல் மெல்ல இறங்கியது. பிள்ளைகளின் கண்ணைப் பொத்திய தாய்மார் தங்கள் கண்ணைப் பொத்தவில்லை.

பிராண்ட் அம்மா வந்து, கயிறு பிடித்தவர்களில் ஒருவனைத் தன் சட்டையை உயர்த்தச் சொன்னார். உள்ளே இடுப்பில் நாடா கட்டிய, தொளதொளத்த லினன் காற்சட்டை.

"அந்தக் காலத்து ஆண்கள் இதைத்தான் உள்ளே போட்டார்கள்," என்றார். "இன்றைக்கு இங்கே பிழையான உடுப்போடு நின்றது நீங்கள் ஒருவர்தான்."

நான் சட்டையைக் கீழே இழுத்துவிட்டேன்.

"ஆனால் நீங்கள் கல்லை விடவில்லை. சனிக்கிழமை வாருங்கள். இதைப் போட்டுக்கொண்டு."

வீட்டுக்குப் போனதும் பேர்பெச்சுவா கேட்டாள்:

"வேலை கிடைச்சுதோ?"

"ஓம்."

"என்னத்தைப் பாத்துத் தந்தவை?"

ஜோன்சன் முதலே போன் எடுத்து எல்லாத்தையும் சொல்லிவிட்டான் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. சாப்பாட்டைப் போடு என்றேன்.