பக்கவாத்தியம் இல்லாமல்

மழைக்காலம் முழுக்க வைஜெயந்தி அந்த மேற்கத்திய சொனாட்டாவோடு மல்லுக்கட்டினாள். ஆபீஸ் விட்டதும் தீவின் டெய்ரி ஃபார்ம் ஏரியா குவார்ட்டர்ஸில் கதவைச் சாத்திக்கொண்டு வயலினோடு நிற்பாள். தனி வயலினுக்கென்றே எழுதியது அது. பியானோ இல்லை, தாளம் இல்லை. மேலே ஓடும் பாட்டையும் அடியில் நடக்கும் கனத்த குரலையும் ஒரே வில் சொல்லியாக வேண்டும். சுண்டுவிரல் மரத்துப்போகும். ஈரக்காற்றில் சுருதி வேறு நழுவும்.

ஒருவழியாகத் தமிழ்ச் சங்க விழாவில் இடம் கிடைத்தது. செயலாளர் திருநாவுக்கரசுக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"தனியாவாம்மா? ஸ்டேஜ் மொட்டையா இருக்குமே. நம்ம பாலகுமார் ரிதம் பேட் வாசிப்பான்."

"வேண்டாம் சார். இதுக்குப் பக்கவாத்தியமே கிடையாது. எழுதினதே அப்படித்தான்."

"எழுதினவருக்கு ஆள் கிடைக்கல போல. நமக்குத்தான் இருக்கானே!"

மேடையில் அவள் முதல் வில் போட்டதுமே பின்னால் 'டும் டக்' என்றது. திரும்பிப் பார்த்தாள்.

"ஸ்பீடு கம்மி பண்ணவா மேடம்?" என்றான் பாலகுமார்.

"தயவுசெஞ்சு கை வைக்காதீங்க."

அவன் முகம் தொங்கிப்போயிற்று. அவள் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். வீட்டில் ஒருநாளும் சரியாக விழாத தாவல்கள்கூட அன்று விழுந்தன. கடைசிப் பகுதிக்கு முன் மூச்சு வாங்க வில்லைத் தூக்கினாள். அதுதான் தப்பாகிவிட்டது. கூட்டம் கைதட்டியது. திருநாவுக்கரசு மைக்கோடு வந்து, "துணையில்லாம கஷ்டப்பட்டு வாசிச்ச சகோதரிக்கு..." என்று பொன்னாடையைப் போர்த்தினார். வில் பிடித்த கை துணிக்குள் மாட்டிக்கொண்டது.

"சார், இன்னும் ஒரு பகுதி இருக்கு."

"டைமாச்சும்மா. அடுத்து பிள்ளைங்க டான்ஸ்."

எந்தப் பகுதிக்காக இத்தனை நாள் உயிரைவிட்டாளோ, அதுதான் மிச்சம்.

வீட்டுக்கு வந்து பட்டுச்சேலையைக்கூட மாற்றாமல் அதை வாசிக்க ஆரம்பித்தாள். ஆத்திரத்தில் விரல்கள் பறந்தன. பாதியில் கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு வங்காளிப் பெண் மிதாலி நின்றாள். கார் நிக்கோபார் கப்பலிலிருந்து டூட்டி முடித்து வந்த புருஷன் தூங்குகிறாராம். இரண்டு பேரும் கொஞ்சம் மெதுவாக வாசிக்கக் கூடாதா என்று ஹிந்தியில் கெஞ்சினாள்.

"தோ லோக்? மே அகேலி ஹூ," ரெண்டு பேரா, நான் ஒருத்திதான் என்றாள் வைஜெயந்தி.

மிதாலி அவள் தோளுக்கு மேல் எட்டி அறையைப் பார்த்தாள். "தோ தூஸ்ரா கோன் தா, பாபி?" அப்படியென்றால் இன்னொருத்தர் யார் அண்ணி என்று நிஜமாகவே கேட்டாள்.

அடிக்குரல் சுவர் தாண்டித் தனி ஆளாகவே கேட்டிருக்கிறது. வேறொரு நாளாக இருந்தால் வைஜெயந்தி அவளைக் கட்டிக்கொண்டிருப்பாள். இப்போது தலையை மட்டும் ஆட்டிக் கதவைச் சாத்தினாள். வில்லின் திருகைத் தளர்த்தி வயலினோடு பெட்டிக்குள் வைத்தாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை. ஓங்கி ஒரு குத்து விட்டாள்.