நல்லி எலும்பு

1936 கோடையில் அவனியாபுரத்து மேட்டைத் தோண்டியபோது ஆட்டுக்கால் எலும்புகள் கூடை கூடையாகக் கிடைத்தன. எல்லாமே நடுவில் உடைந்திருந்தன. தொல்பொருள் அதிகாரி வேதாந்தம் பிறவிச் சைவர். “ஏதோ யாகச் சடங்கு” என்று சொல்லிக்கொண்டே நோட்டில் எழுதினார். மண் சுமந்துகொண்டிருந்த தங்கப்பொண்ணுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“யாகமாவது ஒண்ணாவது, சாமி! நல்லிக்காக உடைச்சிருக்காக. உள்ள இருக்கறத இப்படி உறிஞ்சித் திங்கணும்.” வாயைக் குவித்து உறிஞ்சிக் காட்டினாள்.

அதிகாரி முகத்தைச் சுளித்தார். ஆனாலும் எழுதியதை அடித்துவிட்டார்.

“இது ரெண்டாயிரம் வருஷத்து எலும்பும்மா.”

தங்கப்பொண்ணு ஓர் எலும்பை வெயிலில் தூக்கிப் பிடித்து, ஓட்டைக்குள் ஒற்றைக் கண்ணால் பார்த்தாள்.

“ஒரு பொட்டு மிச்சம் வைக்கலையே! அப்ப எங்க ஆளுகதான், சாமி.”