இமைக்காமல் பார்த்தவள்

என் கண்ணுக்கு என்ன வியாதி என்று என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

கண் சிவந்து காந்தும். மதியத்துக்கு மேல் தாரை தாரையாகத் தண்ணீர் கொட்டும். வீட்டுக்காரர் முதல் நாளே, "கண்வலிதான், ஒட்டிக்கும்" என்று தீர்ப்புச் சொல்லி, தனித் துண்டு, தனித் தலையணை என்று என்னை ஒதுக்கி வைத்தார். படுக்கும்போது அவர் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி வேறு. பார்த்தாலே பரவுமாம்! போதாக்குறைக்கு, சிவப்பு போக்கும் சொட்டு என்று மருந்துக் கடையில் எதையோ வாங்கி வந்து, எட்ட நின்று நீட்டினார். பெரிய நாத்தனார் போன வருடம்தான் கண்ணில் புரை எடுத்துக்கொண்டவர். "மங்கலா தெரியுதுல்ல? அப்ப சந்தேகமே இல்ல, புரைதான். ஆபரேஷனுக்கு நான் துணைக்கு வரேன்" என்றார், ஏதோ கல்யாணத்துக்குக் கிளம்புகிற மாதிரி.

வீட்டோடு போயிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். வேலைக்கே ஆபத்து வந்துவிட்டதே!

துணி மில்லில் எனக்குச் செக்கிங் மேசை. அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். அறுந்த நூல், எண்ணெய்க் கறை, ஓட்டை, எது வந்தாலும் கால் மிதியை அழுத்தி நிறுத்தி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். இமைக்கிற நேரத்தில் ஒரு பழுது ஓடிவிடும் என்று நான் இமைக்கவே மாட்டேன். அப்படிப் பழக்கிக்கொண்டேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள் என்று என்னைக் காட்டித்தான் புதிதாக வருகிறவர்களை மிரட்டுவார்கள். எனக்குக் 'கழுகு' என்றே பெயர். கொஞ்சம் கர்வமும் உண்டு, ஏன் மறைக்க வேண்டும்?

அந்தக் கழுகு சரி என்று அனுப்பிய ரோல் ஒன்று, துணி வெட்டுகிற கட்டிங் பிரிவிலிருந்து திரும்பி வந்தது. நடுவில் நூல் விட்டிருந்தது. சூப்பர்வைசர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"பஞ்சுத் தூசி உனக்கு ஒத்துக்கல. அலர்ஜி. இந்த வாரம் பாப்போம், சரியாகலேன்னா பேக்கிங்குக்குப் போயிடு."

பேக்கிங் ஒன்றும் கேவலமான வேலையில்லை. ஆனால் அந்த மேசை என்னுடையது. அங்கே வேறொருத்தி உட்காருவதா? மறுநாளே லீவு போட்டுக் கண் டாக்டரிடம் போனேன். வீட்டுக்காரரும் வந்தார், கறுப்புக் கண்ணாடியோடு.

டாக்டர் அம்மா அவரைப் பார்த்து, "பேஷன்ட் நீங்களா?" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அரிக்குதா, எரியுதா?" என்று என்னைக் கேட்டார்.

"அரிப்பெல்லாம் இல்லீங்க. எரிச்சல்தான். மண்ணு விழுந்த மாதிரி உறுத்துது."

"அலர்ஜின்னா பிச்சுப் பிடுங்கும், தேய்ச்சுக்கிட்டே இருப்பீங்க. காலைல பீளை தள்ளி இமை ஒட்டிக்குதா?"

"இல்ல. காலைல நல்லாத்தான் இருக்கு. வேலை செய்யச் செய்யத்தான் வம்பு."

"பார்வை மங்குதா? அப்ப இமைச்சா என்ன ஆகுது?"

"தெளிஞ்சிடும். உடனே திரும்ப மங்கும்."

"புரையா இருந்தா எத்தனை தடவை இமைச்சாலும் தெளியாது" என்றபடி, மஞ்சள் சாயம் ஒரு சொட்டு விட்டு, நீல விளக்கடித்து, இமைக்காமல் இருக்கச் சொன்னார். அதில்தான் நான் கெட்டிக்காரியாயிற்றே! ஆனால் அவர் 'உச்' கொட்டினார். "கண் மேல ஈரம் நிக்கவே மாட்டேங்குது. அங்கங்க விட்டுப் போகுது. கண்ணு வறண்டு போயிருக்கும்மா."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "குடம் குடமா கொட்டுது, வறட்சின்னு சொல்றீங்களே!"

"எரிச்சல் தாங்காம கொட்டுற தண்ணி அது. கன்னத்துல ஓடிடும், கண்ணுல நிக்காது. அது சரி, என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னேன். இமைக்காமல் பார்ப்பதையும் பெருமையாகச் சேர்த்துச் சொன்னேன்.

"அம்மாடி! வியாதியே அதுதான்" என்று அவர் சிரித்தார். "இமைக்கிறப்பதான் கண்ணுக்கு ஈரம் பூசும். நீங்க பூசவே விடல." கடைச் சொட்டைத் தூக்கிப் போடச் சொல்லி, வேறு சொட்டு எழுதிக் கொடுத்தார். முகத்துக்கு நேரே காற்று படக்கூடாது, அடிக்கடி முழுசாகக் கண்ணை மூடித் திறக்க வேண்டும் என்றார்.

"ஒட்டிக்காதுல்ல?" என்றார் வீட்டுக்காரர்.

"ஒட்டாது. கண்ணாடியக் கழட்டுங்க சார்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனால் இமைத்துக்கொண்டே எப்படிச் செக்கிங் பார்ப்பது என்ற பயம் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

மறுநாள் மில்லில் மேசை விசிறியை வேறு பக்கம் திருப்பினேன். சொட்டு விட்டுக்கொண்டேன். துணி கொஞ்சம் ஓடியதும் மிதியை அழுத்தி நிறுத்துவேன், கண்ணை இறுக மூடித் திறப்பேன், ஓட விடுவேன். தூங்கி வழிகிறவள் மாதிரி எனக்கே வெட்கமாக இருந்தது. எரிச்சல் என்னவோ நாளாக ஆக மட்டுப்பட்டது.

வாரக் கடைசியில் சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றார். நான் வேண்டுமென்றே நிறுத்தினேன். மூடினேன், திறந்தேன்.

"என்னம்மா இது, நின்னு நின்னு ஓட்டற? பேக்கிங்ல சொல்லி வச்சிட்டேன்."

நான் துணியிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. கண் பளிச்சென்று இருந்தது. நின்ற துணியில், ஓரத்திலிருந்து ஒரு சாண் உள்ளே, மயிரிழை மாதிரி ஒரு நூல் விட்டிருந்தது. விரலை வைத்தேன்.

அவர் குனிந்தார். முறைத்து முறைத்துப் பார்த்தார். "எங்க? ஒண்ணும் இல்லையே."

"கண்ண மூடித் திறந்து பாருங்க சார்."

ஒரு மாதிரியாக என்னைப் பார்த்துவிட்டு மூடினார், திறந்தார். என் விரலுக்குப் பக்கத்தில் தன் விரலை வைத்தார். பிறகு அவரே ஒரு ஸ்டிக்கரைப் பிய்த்து அங்கே ஒட்டினார்.

"பேக்கிங்குக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றார். "நீ ஓட்டு."