உடுத்தியிருப்பது பட்டியலில் வராது

என் கணவர் பார்னபியைப் புதைத்த மூன்றாம் நாள், வீட்டுச் சாமான்களைப் பட்டியல் எடுக்கப் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். உயில் எழுதியவர் யார் செத்தாலும் இங்கிலாந்தில் எங்கள் சஃபோக் பக்கம் இதுதான் வழக்கம். பட்டியல் திருச்சபை நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். ஹம்ப்ரி பொருளைத் தொட்டுப் பார்த்துச் சொல்வார், ரால்ஃப் எழுதுவார். எழுதத் தெரிந்தவர் என்பதால் ரால்ஃபுக்குக் கொஞ்சம் மிதப்பு.

நான் அழவில்லை. ஊர் அதைக் கவனித்தது, கவனிக்கட்டும். கை மரத்துப்போனால் கிள்ளினாலும் உறைக்காதே, எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

"பித்தளைப் பானை ஒண்ணு, அடியில ஓட்டை," என்றார் ஹம்ப்ரி.

"ஓட்டையையும் எழுதணுமா?"

"எழுதுய்யா. நாளைக்கு நான்தான் ஓட்டை போட்டேன்னு ஊர்ல சொல்லுவாங்க."

அந்தப் பானை நான் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது. கல்யாணத்தன்றே பார்னபியுடையதாகிவிட்டது, சட்டம் அப்படி. இப்போது அவருடைய மூத்த தாரத்து மகன் ஆம்ப்ரோஸுக்கு. மெத்தையும் மாடும் அவனுக்குத்தான். எனக்குப் பின்னறை, அடுப்பருகே உட்கார உரிமை, அதுவும் மறுமணம் செய்யாதவரை. அதிலெல்லாம் எனக்கு வருத்தம்கூட வரவில்லை. என் பயமெல்லாம் ஜன்னலோரம் இருந்த சின்னப் பெட்டியைப் பற்றித்தான்.

ரால்ஃப் உயிலை எடுத்து வாசித்தார். "என் மகள் டாம்சினுக்கு, அவள் பதினெட்டு வயதை எட்டும்போது, ஓக் மரப் பெட்டியும் அதிலுள்ள அனைத்தும்." வாசித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

நான் பெற்ற டாம்சின் செத்துப்போய் இரண்டு வருடம். நாலு வயதில் போனாள். அவள் பால்குடிக்கிற காலத்தில் காய்ச்சலில் படுத்த பார்னபி எழுதிய உயில் அது. பிழைத்து எழுந்தவர் அதை மாற்றவே இல்லை. திடமாக இருக்கிறவன் உயிலைத் தொட்டால் சாவைக் கூப்பிட்டது போலாகும் என்று எங்கள் ஆண்களுக்கு ஒரு பயம். தொடாமலிருந்தும் வந்துதான் சேர்ந்தது.

"செத்த பிள்ளைக்குச் சேராது. அப்ப யாருக்கு?" என்றார் ரால்ஃப்.

"மிச்சம் மீதி எல்லாம் எனக்குன்னு போட்டிருக்கு," என்றான் வாசற்படியில் நின்ற ஆம்ப்ரோஸ். கெட்டவன் இல்லை அவன். "கல்யாணம் வருது சித்தி. நாளைக்குப் பிள்ளை பிறந்தா உள்ள இருக்கிற துணியும் உதவும்."

உள்ளே டாம்சினின் சிவப்புக் கம்பளிப் போர்வை இருந்தது. மாதம் ஒருமுறை மூடியை விரலளவு திறந்து, மூக்கை வைத்துவிட்டு, வாசனை தீர்ந்துவிடுமோ என்று உடனே மூடிவிடுவேன். அவளுடைய கழுத்து வாசனை இன்னும் அதில் இருந்தது.

ஹம்ப்ரி என் முகத்தைப் பார்த்தார். "பொண்டாட்டி உடுத்தியிருக்கிறது பட்டியல்ல வராது. மார்ஜரி, உன் துணி ஏதாவது பெட்டியில கிடந்தா எடுத்து உடுத்திக்க. நாங்க கொட்டகையைப் பார்த்துட்டு வர்றோம்."

அவர்கள் திரும்பி வந்தபோது நான் போர்வையைத் தோளில் போட்டு, ஊசி குத்தி நின்றேன்.

"என்னம்மா அது?" என்றார் ரால்ஃப்.

"சால்வை."

அது என் முதுகில் பாதிக்குக்கூட வரவில்லை. ஆம்ப்ரோஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"சால்வைன்னு சொல்லுதுல்ல," என்றார் ஹம்ப்ரி. "பெட்டி ஒண்ணு, குழந்தைச் சட்டை ரெண்டு. எழுதிட்டு வா, பசிக்குது."

பட்டியல் எடுக்க வந்தவர்களுக்குச் சாப்பாடு போடாமல் அனுப்ப முடியுமா? அறுவடைக்கு முந்தைய வெயில், எதிரே அடுப்பு. பன்றிக்கறியை வதக்கினேன், ரொட்டி வெட்டினேன், பீர் ஊற்றினேன். கழுத்திலிருந்து வியர்வை வழிந்துகொண்டே இருந்தது.

"வேகுதேம்மா, அதைக் கழட்டி வையேன்," என்றார் ரால்ஃப். பிறகு கண்ணைச் சிமிட்டினார். "கழட்டினா எழுதிருவேன்."

விளையாட்டுக்குத்தான் சொன்னார். நான் ஊசியை இன்னும் இறுக்கிக் குத்திக்கொண்டேன். அவர்கள் ஆற அமரச் சாப்பிட்டார்கள், மூன்றாவது குவளையும் கேட்டார்கள். ரால்ஃப் கையெழுத்துப் போட, ஹம்ப்ரி சிலுவைக் குறி கீறினார். ஆம்ப்ரோஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான்.

பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திப் போர்வையைக் கழற்றினேன். நனைந்து கனத்திருந்தது. முகத்தில் வைத்து மூச்சை இழுத்தேன். கறிப்புகை அடித்தது, என் வியர்வை அடித்தது. திருப்பிப் பார்த்தேன், மடிப்பைப் பிரித்துப் பார்த்தேன், ஓரத்தையெல்லாம் மோந்து பார்த்தேன். எங்கும் நான்தான் இருந்தேன்.