அறுபத்து மூன்றாவது கைரேகை

தையற்காரர் கடையைத் திறப்பதற்குள் வாசலில் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். பள்ளி திறந்து ஒரு வாரமாகியும் சீருடை கைக்கு வராதவர்கள். "நாளைக்குக் கண்டிப்பா" என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னவர், கையோடு ஒரு நீளத் தாளையும் நீட்டினார்.

"இதுல ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போங்க. நம்ம பிள்ளைங்க விஷயம்."

பெற்றோர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். எல்லைக்கு அப்பால் சண்டை மூண்டதிலிருந்து ஊருக்குள் அகதிகள் வந்தபடி இருந்தார்கள். பழைய சந்தைக் கொட்டகையில் அவர்களைத் தங்க வைத்திருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் முப்பது பேரைப் பள்ளியில் சேர்க்கப்போவதாகத் தலைமையாசிரியை அறிவித்த நாள் முதல் தையற்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மகள் பத்தாம் வகுப்பு. இந்த வருடம் பொதுத்தேர்வு.

"பாவம்தான், இல்லேங்கல" என்று வந்தவர்களிடம் விளக்கினார். "ஆனா அதுங்களுக்கு நம்ம பாஷையே தெரியாது. அதுங்க எழுத்து கத்துக்கிற வரைக்கும் நம்ம பிள்ளைங்க கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கணுமா? கொட்டகையிலேயே தனியா ஒரு வாத்தியாரைப் போடட்டுமே."

முந்தைய நாட்களில் வீடு வீடாகப் போய் வாங்கியதையும் சேர்த்து, மதியத்துக்குள் அறுபத்திரண்டு கையெழுத்து ஆகிவிட்டது. தாளில் கடைசியாக ஒரு வரி மீதம் இருந்தது. தையற்காரர் உள்ளே திரும்பிப் பார்த்தார். சுவரோரம் குட்டை நாற்காலியில் காஜாம்மா ஒரு சட்டைக்குப் பொத்தான் துளை தைத்துக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருடமாக அந்தக் கடையில் காஜா எடுப்பவர் அவர்தான். அதனால் ஊருக்கே காஜாம்மா. சொந்தப் பெயர் என்ன என்று தையற்காரர் கேட்டதே இல்லை.

"காஜாம்மா, நீயும் ஒரு கை வையேன்."

"எனக்கேது ஸ்கூலுக்குப் போற பிள்ளை? என்ன எழுதியிருக்கு அதுல?"

"எல்லாம் ஸ்கூல் நல்லதுக்குத்தான்."

காஜாம்மா மைப்பெட்டியில் கட்டை விரலைத் தொட்டு அழுத்தினார். விரலை ஒரு வெட்டுத்துணியில் துடைத்தபடி, "பள்ளிக்கூடம்னா நல்லதுதான்" என்றார். மறுபடி ஊசியை எடுத்துக்கொண்டார்.

மாலை ஐந்து மணிக்குக் காஜாம்மா வீட்டுக்குக் கிளம்பிப் போன சற்று நேரத்தில் தையற்காரரின் மகள் வந்தாள். கூடவே அவளுடைய தோழி. ஒல்லியும் உயரமுமாக இருப்பதால் வகுப்பில் அவளுக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர். போன போரின்போது தன்னந்தனியாக இந்த ஊருக்கு ரயிலில் வந்து இறங்கிய ஒரு பெண் குழந்தையைப் பற்றி ஆராய்ந்து எழுத வேண்டும் என்று சரித்திர ஆசிரியர் சொல்லியிருந்தார். நூலகத்துப் பழைய செய்தித்தாளில் ஒரு படம் மட்டும் கிடைத்திருந்தது. கழுத்தில் எண் அட்டை தொங்க நடைமேடையில் நிற்கும் ஏழு வயதுக் குழந்தை. அதற்கப்புறம் என்ன ஆனாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

"அப்பா, இன்னிக்கு ஸ்கூல் பரண்ல பழைய கட்டு ஒண்ணு கிடைச்சுதுப்பா! டீச்சர்கிட்ட சொல்லிட்டு எழுதிக்கிட்டு வந்தோம். கேளுங்க" என்று மகள் நோட்டைத் திறந்தாள். "'இக்குழந்தைகள் மீது எங்களுக்கு யாதொரு வெறுப்பும் இல்லை. ஆயினும் மொழி அறியாதவர்களால் எங்கள் பிள்ளைகளின் படிப்பு பின்தங்கும். ஆகவே இவர்களுக்குத் தனியே ஏற்பாடு செய்யுமாறு...'"

தையற்காரருக்குச் சுருக்கென்றது. "என் மேஜையைக் குடைஞ்சியா? அந்தத் தாளை எதுக்கு எடுத்த?"

"எந்தத் தாளுப்பா? இது அறுபத்தோரு வருஷத்துக்கு முந்தி எழுதினது."

அவர் எட்டி நோட்டில் இருந்த தேதியைப் பார்த்தார்.

ஒட்டடைக்குச்சி சொன்னாள்: "அந்தக் குழந்தை நம்ம ஸ்கூல்ல பதினோரு நாள்தான் மாமா படிச்சிருக்கு. கட்டுல இருந்த ரிஜிஸ்தர்ல, படத்துல இருக்கிற அதே அட்டை எண்ணுக்குப் பக்கத்துல 'பெற்றோர் மனுவின்பேரில் பெயர் நீக்கப்பட்டது'ன்னு சிவப்பு மையில இருக்கு. தனி ஏற்பாடு எதுவும் நடக்கவே இல்ல."

"பேரு வாயில நுழையலப்பா. அடையாளம் மட்டும் தெளிவா இருக்கு" என்று மகள் படித்தாள். "'இடது மணிக்கட்டில் பிறை வடிவத் தீக்காயத் தழும்பு.'"

தையற்காரர் இயந்திரத்தின் மேல் வைத்திருந்த காலை எடுத்தார். அந்தத் தழும்பை இருபத்தாறு வருடமாகப் பார்த்து வருகிறார். சட்டையைத் திருப்பிப் பிடிக்கும்போதெல்லாம் கண்ணில் படும். அடுப்பில் சுட்டுக்கொண்டது என்று தானாகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

பிள்ளைகளைக் கடையிலேயே விட்டுவிட்டு எழுந்து தெருவில் இறங்கினார். காஜாம்மா வீடு இருக்கும் சந்துவரை போனார். திரும்பினார். மறுபடி போனார். எதிரே வந்த காய்கறிக்காரர், "என்ன அண்ணே, எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டதற்குத் தலையை மட்டும் அசைத்துவிட்டு நடந்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பெற்றோர் கூட்டம். எட்டரைக்குக் காஜாம்மா வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் தையற்காரர் எதிரே தரையில் உட்கார்ந்தார். மனுவை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துக் காட்டினார். பிறகு, மகள் எழுதி வந்த பழைய மனுவையும் படித்தார்.

காஜாம்மா மடியிலிருந்த சட்டையில் ஊசியைக் குத்தி வைத்தார்.

"என் பேருக்கு நாலு எழுத்து" என்றார். "அந்தப் பதினோரு நாள்ல மூணு கத்துக்கிட்டேன். நாலாவது எழுத்து சொல்லித் தர்றதுக்குள்ள வெளிய அனுப்பிட்டாங்க. அந்த மூணும்கூட மறந்துபோச்சு. சரி, அது அவங்க செஞ்சது. நீ என்னை வெச்சே அதைச் செஞ்சுட்டியே!"

"தப்புதாம்மா. உங்களுக்குத் தெரியாம..."

"தெரியாமத்தான். எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு உனக்குத் தெரியும்ல?" காஜாம்மா மடியில் இருந்த சட்டையைத் தையற்காரர் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார்.

கூட்டத்தில் தையற்காரர் எழுந்தபோது, மனுவைக் கொடுக்கப்போகிறார் என்று எல்லோரும் கை தட்டினார்கள். அவரோ இரண்டு மனுக்களையும் அடுத்தடுத்துப் படித்தார். காஜாம்மாவின் கைரேகை எப்படி அதில் வந்தது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

"நேத்து வரைக்கும் வீடு வீடா வந்து கையெழுத்து கேட்டது நீங்கதானே?" என்று மளிகைக்கடைக்காரர் எகிறினார். "இன்னிக்கு என்ன ஞானோதயம்?"

"நான்தான் கேட்டேன். அந்த வெக்கத்துலதான் நிக்கிறேன்" என்றார் தையற்காரர். "அன்னிக்கு இந்த மனுவுல கையெழுத்துப் போட்டவங்க யாரும் கெட்டவங்க இல்ல. தங்களோட பிள்ளைக்கு நல்லதுன்னு நெனச்சுத்தான் போட்டாங்க. நம்மள மாதிரியே. அவங்க பிள்ளைங்களுக்கு அதனால ஒரு மார்க்காவது கூடியிருக்குமான்னு தெரியல. ஒரு குழந்தைக்கு மட்டும் ஆயுசு முழுக்கத் தன் பேரையே எழுதத் தெரியாமப் போச்சு. குண்டுக்குத் தப்பிச்சு வந்த பிள்ளையை நாம காகிதத்தால அடிச்சோம். அடுத்தவன் பிள்ளையை வாசலுக்கு வெளிய நிறுத்திட்டு நம்ம பிள்ளைக்கு நல்லது செஞ்சுட முடியாதுங்க. அது நல்லதே இல்ல."

மளிகைக்கடைக்காரரும் இன்னும் பதினெட்டுப் பேரும் கையெழுத்தைத் திரும்பப் பெற மாட்டோம் என்று சொல்லிவிட்டு வெளியேறினார்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் பெயரை அடித்தார்கள். காஜாம்மா மூன்று நாள் கடைக்கு வரவில்லை. நான்காம் நாள் வந்தார், பேசாமல் வேலையைத் தொடங்கினார். முப்பது பிள்ளைகளும் அடுத்த திங்கட்கிழமையே வகுப்பில் உட்கார்ந்தார்கள்.