ஹம்ரோகுலின் கறுப்பு மாப்பிள்ளை

நேராக மேலே ஏறிக்கொண்டே கர்ணம் அடிக்க வேண்டும். ஒவ்வொரு கர்ணத்துக்கும் கைதட்டுவதுபோல் சிறகைத் தட்ட வேண்டும். அப்படி ஒரு புறா வம்சத்தை உருவாக்கத்தான் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் கோகந்த் நகரில் என் வீட்டுக் கூரையில் பாடுபட்டேன். பிறந்தவற்றில் பாதிக்குக் கர்ணம் அடிக்கத் தெரியவில்லை, மீதிக்கு நிறுத்தத் தெரியவில்லை. கடைசியில் ஒரு வெள்ளைப் பெட்டை வாய்த்தது. அது ஏறும்போது வானவர்கள் காலைத் தூக்கி வழிவிட்டார்கள். அது சிறகு தட்டினால் எங்கோ தொலைவில் அண்டிஜான் நகரில் தொட்டில் குழந்தைகள் விழித்து அழுதன.

ஆனாலும் இந்த வசந்தத்தோடு விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஏணியைப் பார்த்தாலே முழங்கால் ஒப்பாரி வைத்தது. என் மனைவி சனோபருக்கு ஆப்ரிகாட் பழம் காயவைக்கக் கூரையில் இடமில்லை. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட புறாக்களுக்குப் பட்ட கவலையை நான் பட்டதில்லை என்று குறை சொன்னாள். நியாயம்தான்.

அந்த நேரம் பார்த்து வெள்ளைப் பெட்டை காற்றில் விலகி, அடுத்த தெரு சலூன்காரன் ஹம்ரோகுலின் கூரையில் இறங்கியது. அவனும் என்னைப்போல் புறாப் பைத்தியம். வழிதவறிய புறா இறங்கிய கூரைக்காரனுக்கே சொந்தம் என்பது எங்கள் சட்டம். பகை இல்லாதவர்கள் மட்டும், ரொட்டியோடு போய்க் கேட்டால் திருப்பித் தருவார்கள். நானும் சூடான ரொட்டியோடு டீக்கடையில் அவனைப் பிடித்தேன். ரொட்டியை வாங்கிக்கொண்டான். பிறகு கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னான்:

"நீங்கதான் எல்லாத்தையும் விடப்போறீங்களாமே, நார்மத் அண்ணே. உங்க வீட்ல யாரு ராஜ்ஜியம்னு ஊருக்கே தெரியும். அண்ணிக்குப் பயந்து உங்க புறாவே எங்கிட்ட அடைக்கலமா வந்துருச்சு. நான் அதை எங்க கறுப்பனுக்குக் கட்டி வெச்சுட்டேன்."

கடையே சிரித்த சிரிப்பில் டீ கொதிக்கும் சமோவர் குலுங்கியது. கறுப்பன் அவனுடைய உயிர். அவன் கூட்டத்திலேயே முதல் புறா. வீட்டுக்கு நடக்கையில், விடுவதா தொடர்வதா என்ற குழப்பம் என்னிடம் துளியும் இல்லை.

மறுநாளே எல்லாவற்றையும் விட்டுவிட்டேன் என்று ஊரெல்லாம் சொன்னேன். என் புறாக்களை ரகசியமாகக் கொட்டகையில் அடைத்தேன். காலியான கூரையில் சனோபர் ஆப்ரிகாட் பரப்பினாள். டீக்கடையில் ஹம்ரோகுல் என் தோளில் தட்டி ஆறுதல் சொன்னபோது கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டேன்.

பிடித்த புறாவின் சிறகைக் கட்டி வைப்பது வழக்கம். அது திரும்பிப் போவதற்குப் பழைய கூண்டு இல்லை என்று நம்பினால்தான் ஹம்ரோகுல் கட்டை அவிழ்ப்பான். அவிழ்த்தான், மடையன். டீக்கடைப் பேச்சைப் புறா நம்பாது என்பதை மறந்துபோனான். முட்டையிடப் போகும் பெட்டையை ஆண் புறா ஒரு சாண்கூட விட்டு விலகாது என்பதையும் மறந்துபோனான்.

ஒரு பிற்பகலில் அந்தச் சிறகுச் சத்தம் கேட்டது. வெள்ளை மேலே ஏறியது. பின்னாலேயே கறுப்பன், கல்யாண மயக்கத்தில். தீனிக்குக் கூப்பிடும் தினை டப்பாவை நான் தட்டினேன். வெள்ளை ஆப்ரிகாட் நடுவே வந்து இறங்கியது. அதன் வாலை ஒட்டிக் கறுப்பனும் இறங்கினான். நான் வலையோடு ஏணியில் ஏறினேன் என்று சொல்வது பொய். பறந்தேன்.

ஹம்ரோகுல் சோப்பு நுரை சொட்டும் பிரஷ்ஷோடு ஓடிவந்தான். அவன் பாதியில் விட்டுவந்த ஆள் இன்றும் ஒரு பக்கத் தாடியோடு திரிவதாகக் கேள்வி. வெள்ளையை நானே வைத்துக்கொள்ளலாம், கறுப்பனை மட்டும் கொடுத்தால் போதும் என்று கெஞ்சினான். எனக்குத் தேன் குடித்தாற்போல் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் சனோபர் வாசலுக்கு வந்தாள்.

"கல்யாணம் பண்ணி வெச்சது நீங்கதானே, தம்பி? வீட்டோட வந்த மாப்பிள்ளைய யாராவது தொரத்துவாங்களா? டீ குடிச்சுட்டுப் போங்க."

குடிக்காமல் போனான்.

பழி தீர்ந்துவிட்டது, இனி எல்லாவற்றையும் விற்றுவிடலாமா என்று அவளைக் கேட்டேன். அவள் ஆப்ரிகாட்டைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாள்.

"வித்தா வேற ஆள வெச்சு அவன் வாங்கிருவான். நீங்க பாட்டுக்கு வளங்க."

குஞ்சுகள் வரட்டும். முதல் பறப்பு சலூனுக்கு நேர் மேலே. நாற்காலிகள் நிறைந்திருக்கும் வெள்ளிக்கிழமைக் காலைதான் சரி என்கிறாள் சனோபர்.